ராகி, கடலை, வெல்லம் - மூன்றும் சேர்ந்தால் அமெரிக்க பிஸ்கெட்!
களி தின்ற ஊரில் ஜவ்வு மாதிரி இழுக்கும் புதுப் பலகாரம்

தருமபுரி:

"களியா? எனக்கு வேண்டாம். பிஸ்கெட் குடு!"

தருமபுரி மாவட்டத்தில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் உள்ள எந்த வீட்டிலும் காலையில் கேட்கிற சத்தம் இது. தாத்தாவும் பாட்டியும் உருண்டை உருண்டையாக விழுங்கி வளர்ந்த ராகி, பேரன் பேத்திக்குப் பிடிக்கவில்லை. தட்டில் வைத்தால் மூஞ்சியைத் திருப்பிக் கொள்கிறார்கள்.

சரி, பிஸ்கெட்தானே வேண்டும்? அந்தப் பிஸ்கெட்டையே ராகியில் செய்து கொடுத்தால்?

அதற்கு வழி காட்டுகிறது ஒரு அமெரிக்கப் பலகாரம். ஓட்ஸ், வேர்க்கடலை விழுது, பழுப்புச் சர்க்கரை, முட்டை, கலர் கலரான மிட்டாய். இவ்வளவுதான் அதில் சரக்கு. பெயர் குக்கீ. கடையில் வாங்கும் பிஸ்கெட் மாதிரி 'கடக்' என்று உடையாது. ஓரம் மட்டும் மொறுமொறுப்பு. நடுவில் கடித்தால் ஜவ்வு மிட்டாய் மாதிரி லேசாக இழுக்கும்.

இதில் ஒரு விசேஷம் உண்டு. மைதா ஒரு பிடி கூடத் தேவையில்லை. கடலை விழுதும் முட்டையும்தான் மாவைப் பிடித்து நிறுத்துகின்றன.

தருமபுரிக்காரர்களுக்கு இது முக்கியமான சங்கதி. ஏனென்றால் ராகியில் பிசின் கிடையாது. கோதுமை மாவு இழுபடுவதைப் போல ராகி மாவு இழுபடாது. அதனால்தான் வெறும் ராகியில் பிஸ்கெட் சுட்டால் மண்ணாங்கட்டி போல உதிர்கிறது. "ஐயய்யோ, மணலா இருக்கே!" என்று பிள்ளைகள் துப்புகின்றன. கோதுமையை நம்பாத இந்த அமெரிக்கப் பக்குவத்தில் அந்தக் கஷ்டம் பெரும்பாலும் தீர்ந்து விடுகிறது.

யார் உள்ளூர்? யார் வெளியூர்?

"ராகிக்கும் அமெரிக்காவுக்கும் என்னய்யா சம்பந்தம்?" என்று கேட்கலாம்.

பார்க்கப் போனால் ராகியே வெளியூர்தான். கிழக்கு ஆப்பிரிக்க மேட்டு நிலத்தில் பிறந்து, பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு இந்தியாவுக்கு வந்து சேர்ந்த தானியம் அது. வேர்க்கடலைக்குச் சொந்த ஊர் தென் அமெரிக்கா. குக்கீ என்ற சொல் டச்சு மொழியிலிருந்து அமெரிக்காவுக்குப் போனது.

வெல்லம் மட்டும் இந்த ஊரில் தலைநிமிர்ந்து நிற்கலாம். தகடூரை ஆண்ட அதியமானின் முன்னோர்தான் கரும்பை இந்த மண்ணுக்குக் கொண்டு வந்தார்கள் என்று ஔவையார் பாடியது புறநானூற்றில் இருக்கிறது. அந்தத் தகடூர்தான் இன்றைய தருமபுரி. நெல்லிக்கனிக் கதை எல்லோருக்கும் தெரியும், கரும்புக் கதை பல பேருக்குத் தெரியாது!

ரேஷன் கடையில் ராகி

ராகி இந்த மாவட்டத்தின் மானாவாரிப் பயிர். மழையை நம்பி விதைப்பது. ரேஷன் அரிசி வந்த பிறகு அடுப்பில் களிப்பானை ஏறும் நாட்கள் குறைந்தன. தின்ன ஆள் குறைந்தால் விதைக்கவும் மனம் வராதல்லவா?

அதை மாற்றத்தான் அரசாங்கம் சில காரியங்களில் இறங்கியது. 2022-23 வேளாண் நிதிநிலை அறிக்கையில் இரண்டு சிறுதானியச் சிறப்பு மண்டலங்கள் அறிவிக்கப்பட்டன. அதில் தருமபுரிக்கும் இடம் கிடைத்தது. 2023-ஐ உலகச் சிறுதானிய ஆண்டாக ஐ.நா. சபை கொண்டாடியது. அதே ஆண்டு மே மாதம், நீலகிரியிலும் தருமபுரியிலும் ரேஷன் கடைகளில் 2 கிலோ அரிசிக்குப் பதில் 2 கிலோ ராகி கொடுக்கும் திட்டம் தொடங்கியது.

ராகிக்கு மத்திய அரசு அறிவித்த குறைந்தபட்ச ஆதரவு விலை 2022-23ல் குவிண்டால் 3,578 ரூபாய். 2025-26ல் 4,886 ரூபாய். அதாவது கிலோவுக்கு 49 ரூபாய்க்குச் சில காசு குறைவு.

ஆனால் ரேஷனில் வாங்கிய ராகி வீட்டு மூலையிலேயே வண்டு பிடித்துக் கிடந்தால் யாருக்கு லாபம்? அதை அரைத்துப் பிள்ளை வாயில் போடுவதில்தான் சாமர்த்தியம் இருக்கிறது. மகளிர் குழுக்கள் ராகி பிஸ்கெட், முறுக்கு, லட்டு என்று செய்து விற்கக் கிளம்பியது இதனால்தான். பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையம் போன்ற இடங்களில் இதற்கெல்லாம் பயிற்சியும் உண்டு.

எண்ணெய் கசியும் வரை

இனி அடுப்பங்கரைக்கு வருவோம்.

முதல் வேலை கடலை விழுது. கடையில் 'பீநட் பட்டர்' என்று பாட்டிலில் அடைத்து விற்பது இதுதான். கடலைக்காய் விளையும் ஊரில் அதைக் காசு கொடுத்து வாங்குவானேன்?

தோல் உரித்த கடலையை நிதானமாக வறுத்து, ஆறவிட்டு, புடைத்து, மிக்சியில் போட வேண்டும். முதலில் பொடியாகும். பிறகு கட்டி கட்டியாகச் சுவரில் ஒட்டிக் கொள்ளும். இந்த இடத்தில்தான் பல பேர் "அவ்வளவுதான்" என்று நிறுத்தி விடுகிறார்கள். அல்லது தண்ணீர் ஊற்றி சட்னி ஆக்கி விடுகிறார்கள்!

தண்ணீர் கூடவே கூடாது. மிக்சி சூடானால் சற்று ஆறவிட்டு, வழித்து விட்டு, மறுபடியும் ஓட்ட வேண்டும். கடலையில் ஏறக்குறைய பாதி எண்ணெய்தான். அந்த எண்ணெய் கசியத் தொடங்கியதும் கட்டியெல்லாம் இளகி, தோசை மாவு போல வழவழவென்று விழும். அதுதான் பக்குவம்.

ஒரு எச்சரிக்கை. கடலையைப் பொறுக்கிப் போட வேண்டும். சுருங்கியது, நிறம் மாறியது, பூஞ்சணம் பூத்தது, கசப்பது எல்லாம் குப்பைக்கு. ஈரத்தோடு மூட்டை கட்டிய கடலையில் பூஞ்சணம் பிடித்தால் 'அஃப்லாடாக்சின்' என்ற விஷம் உண்டாகிறது. ஈரலைக் கெடுக்கும் விஷம். வறுத்தாலும் சுட்டாலும் அது முழுசாகப் போவதில்லை. நாலு காசு மிச்சம் பிடிக்க மட்டக் கடலை வாங்குவது வினை.

கடலை ஒத்துக் கொள்ளாத பிள்ளைகளும் உண்டு. உதடு வீங்கும், மூச்சு முட்டும். அப்படிப்பட்ட வீட்டுக்கு இந்தப் பலகாரம் ஆகாது. அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் முன்பு அவர்கள் அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டுக் கொள்வது நல்லது.

அளவு இதுதான்

கடலை விழுது 200 கிராம். வெண்ணெய் 60 கிராம். நாட்டுச்சர்க்கரை அல்லது பொடித்த வெல்லம் 200 கிராம். முட்டை 2. ஓட்ஸ் அல்லது ராகி அவல் 150 கிராம். ராகி மாவு 50 கிராம். ஆப்பசோடா ஒரு டீஸ்பூன். உப்பு ஒரு சிட்டிகை. மிட்டாய் 100 கிராம். இதில் 24 பிஸ்கெட் வரும்.

ராகி மாவைத் துணியில் சலித்து, வெறும் வாணலியில் பச்சை வாசம் போக வறுத்துக் கொண்டால் நறநறப்பு பாதி போய்விடும். அவல் தடிப்பாக இருந்தால் மிக்சியில் ஒரே ஒரு சுற்று.

வெண்ணெயும் சர்க்கரையும் முதலில் குழைய வேண்டும். பிறகு முட்டை, கடலை விழுது. கடைசியில்தான் மாவும் அவலும். பிசைந்த மாவை அரை மணி நேரம் மூடி வைக்க வேண்டும். அவல் ஈரத்தை இழுத்து ஊற வேண்டுமே! அவசரப்பட்டு உடனே சுட்டால் தட்டில் எண்ணெயாக ஓடி அப்பளம் மாதிரி பரவும். வீட்டில் ஃபிரிட்ஜ் இருந்தால் அதில் வைப்பது இன்னும் விசேஷம்.

வெள்ளைச் சர்க்கரை போட்டால் ஆகாதா? ஆகும். ஆனால் மொறுமொறுப்பாகி விடும். நாட்டுச்சர்க்கரையிலும் வெல்லத்திலும் பாகின் பசை கொஞ்சம் தங்கி இருக்கிறது. அது ஈரத்தைப் பிடித்து வைக்கும். ஜவ்வு மாதிரி இழுப்பதற்குப் பாதிக் காரணம் அதுதான்.

எந்த மிட்டாய்?

பிள்ளைகளுக்கு வேண்டியது இதுதானே!

அமெரிக்காவில் போடுவது கலர் பூசிய சாக்லேட் பொத்தான்கள். 1941ல் அங்கே அந்த மிட்டாய் வந்தது. இரண்டாம் உலகப் போரின்போது பட்டாளத்துக்குப் போனது. வெயிலில் உருகாமல் இருக்க மேலே சர்க்கரை ஓடு. அந்த ஓடு இருப்பதால்தான் ஓவன் சூட்டிலும் அது உருக்குலைவதில்லை. நம் ஊர்ப் பெட்டிக்கடையில் கிடைக்கும் 'ஜெம்ஸ்' அதே ஜாதி.

ஆரஞ்சு மிட்டாயைப் போட்டால் உருகி, ஆறியதும் கண்ணாடிச் சில்லு மாதிரி ஆகிவிடும். பல் போகும்! தேன் மிட்டாய்க்குள் இருக்கும் பாகு வெளியே ஓடித் தட்டில் கருகும். இரண்டும் வேண்டாம்.

கடலை மிட்டாய்தான் கச்சிதம். உடைத்துத் தூவினால் வெல்லப்பாகு லேசாக இளகி, மாவோடு ஒட்டி, ஆறியதும் இறுகும். கடிக்கும்போது நடுநடுவே கடலை தட்டுப்படும். எள்ளு மிட்டாயும் அப்படியே.

மிட்டாயில் பாதியை மாவோடு கலந்து, மீதியைத் தட்டில் வைத்த உருண்டை மேல் அழுத்த வேண்டும். எல்லாவற்றையும் உள்ளே போட்டுவிட்டால் வெளியே ஒன்றுமே தெரியாது. கண்ணுக்குத் தெரியாத மிட்டாய்க்குப் பிள்ளைகள் மயங்குவார்களா?

ஓவன் இல்லையா? மணல் போதும்

ஓவன் இருக்கிற வீட்டில் 175 டிகிரி சூடு, 10 முதல் 12 நிமிடம்.

இல்லாத வீட்டில்? கடலை வறுக்கும் வித்தை தெரிந்த ஊருக்கு மணலைப் பற்றிச் சொல்லவா வேண்டும்? கனமான பழைய பாத்திரத்தில் ஒரு அங்குலம் மணல் அல்லது கல்லுப்பு. அதன் மேல் ஒரு ஸ்டாண்டு. மூடி போட்டு 10 நிமிடம் சூடேற்றி, பிஸ்கெட் தட்டை உள்ளே வைத்துச் சிறு தீயில் 15 நிமிடத்துக்குக் குறையாமல் விட வேண்டும். குக்கரில் செய்கிறவர்கள் ரப்பர் வளையத்தையும் வெயிட்டையும் கழற்றி விட வேண்டும். தண்ணீரில்லாமல் காய்ந்தால் குக்கர் கெடும் என்பதால், சமையலுக்கு உதவாத பழைய குக்கர்தான் இதற்கு லாயக்கு.

தட்டில் இரண்டு விரல் இடைவெளி விட்டு வைக்க வேண்டும். சுடச்சுடப் பரவும்.

பெரிய தப்பு நடப்பது எடுக்கும்போதுதான். தொட்டுப் பார்த்தால் நடுவில் மெத்தென்று இருக்கும். "வேகலையே" என்று இன்னும் ஐந்து நிமிடம் விட்டால் போச்சு, கல்! ஓரம் சிவந்ததும் எடுத்துவிட வேண்டும். தட்டின் சூட்டிலேயே மீதி வெந்துவிடும். ஆனால் உடனே தட்டிலிருந்து பெயர்க்கக் கூடாது. பத்து நிமிடம் பொறுத்தால் தானாக இறுகும். அந்தப் பத்து நிமிடம் பிள்ளைகளை அடுப்பங்கரைக்கு வெளியே நிறுத்துவதுதான் பெரும்பாடு.

பொய் சொல்லக் கூடாது

இதைச் சத்து மாத்திரை என்று நினைத்துவிட வேண்டாம். 100 கிராம் ராகியில் சுண்ணாம்புச் சத்து சுமார் 350 மில்லிகிராம். தீட்டிய அரிசியில் 10 மில்லிகிராம் அளவுக்குத்தான். தண்ணீரில் ஃபுளோரைடு அதிகமாகி, பல்லில் கறையும் எலும்பில் வலியும் வந்து அவதிப்பட்ட மாவட்டம் இது. அதற்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் போட்டார்கள். சுண்ணாம்புச் சத்து குறைந்த உடம்பை ஃபுளோரைடு கூடுதலாகத் தாக்கும் என்பதால் இங்கே ராகிக்குத் தனி மதிப்பு உண்டு.

ஆனால் ஒரு பிஸ்கெட்டில் இருக்கும் ராகி எவ்வளவு? அவலையும் சேர்த்தாலே 8 கிராம்தான்! சர்க்கரையும் அதே 8 கிராம். மிட்டாய் தனி. ஒன்று, இரண்டோடு நிறுத்தினால் பலகாரம். டப்பாவோடு காலி செய்தால் வயிற்றுக்கும் பல்லுக்கும் கேடு.

கடையில் வாங்கும்போதும் கண் வேண்டும். 'ராகி பிஸ்கெட்' என்று அட்டையில் பெரிய எழுத்தில் இருக்கும். பாக்கெட்டின் பின்பக்கம் பார்த்தால் முதல் சரக்கு மைதா! எது அதிகமோ அதை முதலில் எழுத வேண்டும் என்பது சட்டம். ராகி நாலாவது ஐந்தாவது இடத்தில் இருந்தால், நிறத்துக்குத் தூவியது என்று வைத்துக் கொள்ளலாம். கூலி வாங்கிய காசில் பிள்ளைக்கு வாங்குகிறவர் ஏமாறுகிறார். ராகி விதைத்தவனுக்கும் அதில் ஒன்றும் போய்ச் சேரவில்லை.

வீட்டில் சுட்டு விற்க நினைக்கும் பெண்களும் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்து கொண்டுதான் விற்க வேண்டும். பாக்கெட் மேல் கடலை இருக்கிறது, முட்டை இருக்கிறது என்று தெளிவாக எழுதவும் வேண்டும். முட்டை தொடாதவர்கள் பார்க்காமல் வாங்கிவிட்டுச் சண்டைக்கு வந்தால் வியாபாரம் அன்றோடு சரி.

சுட்ட பிஸ்கெட் நன்றாக ஆறிய பிறகே எவர்சில்வர் டப்பாவில் போட வேண்டும். சூட்டோடு மூடினால் வியர்த்து, நமுத்துப் போகும். ஒரு வாரம் வரை நன்றாக இருக்கும். நாலாம் நாளில் இறுகத் தொடங்கினால் டப்பாவுக்குள் ஒரு துண்டு ரொட்டியைப் போட்டு மூடி வைக்கலாம். மறுநாள் ரொட்டி காய்ந்திருக்கும். பிஸ்கெட் பழையபடி இளகியிருக்கும்.