உணவகமும் விருந்துப் பண்பும்

விருந்தோம்பல் குறித்துத் தமிழில் எழுதப்பட்டவை மிகப் பல. திருவள்ளுவர் அதற்கெனத் தனி அதிகாரமே வகுத்தார். பசித்து வந்த பாணரையும் பொருநரையும் மன்னரும் குறுநில மன்னரும் எவ்வாறு உண்பித்தனர் என்பதை ஆற்றுப்படை நூல்கள் விரித்துரைக்கின்றன. ஆயினும் இவை பெரும்பாலும் வீட்டு விருந்தையும் அரண்மனை விருந்தையும் பற்றியன. விலை கொடுத்து உண்ணும் இடத்தில், முன்பின் அறியாதார் நடுவே அமர்ந்திருக்கும்பொழுது நாம் எவ்வாறு ஒழுகுதல் வேண்டும் என்பது பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. வெளியில் உண்ணுதல் அரிய நிகழ்ச்சியாக இருந்த காலம் மாறி, அன்றாட வழக்கமாகிவிட்ட இந்நாளில் அதனைச் சிறிது எண்ணிப் பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

விருந்து என்னும் சொல்

விருந்து என்றவுடன் இன்று நம் நினைவுக்கு வருவது அறுசுவை உணவு. அச்சொல்லின் பழம்பொருள் அதுவன்று. விருந்து என்பது புதுமையைக் குறிக்கும். தொல்காப்பியர் செய்யுளியலில் எண்வகை வனப்புகளுள் ஒன்றாக விருந்தைக் கூறுமிடத்து, அச்சொல் புதிதாகப் புனையப்படுவது என்னும் பொருளிலேயே வருகிறது. புதுமையைக் குறித்த சொல் புதிதாக வந்தவரைக் குறித்து, பின்னர் அவருக்கு இடும் உணவையும் குறிக்கலாயிற்று. உறவினர் வந்தால் சுற்றம். அறியாதவர் வந்தால் விருந்து. வள்ளுவர் விருந்தோம்பலை ஓரதிகாரமாகவும் சுற்றந்தழாலை வேறோர் அதிகாரமாகவும் அமைத்திருத்தல் ஈண்டு நினைக்கத்தக்கது.

இப்பொருளை மனத்திற்கொண்டு உணவகத்தை நோக்கினால் ஓருண்மை புலப்படும். அங்கு அமர்ந்திருப்போர் ஒருவர்க்கொருவர் புதியவர். பரிமாறுபவர் நமக்குப் புதியவர். நாமும் அவருக்குப் புதியவர். எனவே விருந்துப் பண்பு வீட்டைக் காட்டிலும் உணவகத்தில்தான் மிகுதியும் வேண்டப்படுவது எனலாம்.

விலைக்கு உணவு

உணவை விலைக்கு விற்றல் நமக்குப் புதிதன்று. அப்பம் சுட்டு விற்ற கூவியரைப் பெரும்பாணாற்றுப்படையும் சிலப்பதிகாரமும் குறிப்பிடுகின்றன. வழிப்போக்கர்க்குச் சத்திரங்கள் இருந்தன. பிற்காலத்தில் நகரங்கள் வளர, இரயில் பாதைகள் பெருக, காப்பிக் கடைகளும் சாப்பாட்டு விடுதிகளும் தோன்றின.

கடல் கடந்தும் நம்மவர் இத்தொழிலை நடத்தினர். பினாங்கில் தமிழ் முசுலிம்கள் சோற்றையும் குழம்பையும் காவடித் தடியின் இருபுறமும் தொங்கவிட்டுத் தோளில் சுமந்து விற்றனர். மலாய் மொழியில் நாசி என்பது சோறு. கந்தார் என்பது அச்சுமைத்தடி. 'நாசி கந்தார்' என்னும் அவ்வுணவு இன்று மலேசியா முழுவதும் பெயர் பெற்றதாகும். தமிழகக் கடற்கரை ஊர்களிலிருந்து சென்று, மொழி தெரியாத நாட்டில் பிறருக்கு உணவு பரிமாறிப் பிழைத்தவர்களின் வழித்தோன்றல்கள் இம்மலரைப் படிப்போருள்ளும் இருப்பர்.

பந்தியின் நடுவே சுவர்

உணவகம் எல்லோரும் ஒன்றாய் அமரும் இடமாகத் தொடங்கவில்லை. சாதிக்கொரு பந்தி, சமயத்திற்கொரு குடிநீர்ப் பானை என்னும் நிலை ஆங்கிலேயர் ஆட்சியில் இரயில் நிலையங்களிலேயே இருந்தது. உணவகப் பெயர்ப்பலகைகளில் சாதிப் பெயர் பொறிக்கப்பட்டிருந்தது. 1957ஆம் ஆண்டு சென்னைத் திருவல்லிக்கேணியில் ஓர் உணவகத்தின் பலகையிலிருந்த அத்தகைய சொல்லை நீக்கக் கோரிப் பெரியார் தொடர் கிளர்ச்சி நடத்தினார். முடிவில் அச்சொல் நீக்கப்பட்டது.

1950ஆம் ஆண்டு சனவரி 26 அன்று நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 15ஆவது பிரிவு, சமயம், இனம், சாதி, பாலினம், பிறப்பிடம் ஆகியவற்றைக் காரணம் காட்டிப் பொது உணவகங்களில் எவரையும் தடுத்தல் ஆகாது என வெளிப்படையாகக் கூறுகிறது. தீண்டாமைக் குற்றங்கள் குறித்த 1955ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் ஒருபடி மேலே சென்று, பொது உணவகத்தில் வைத்திருக்கும் பாத்திரங்களைப் பயன்படுத்துவதைத் தடுத்தலும் குற்றம் என்றது. ஒரு குவளையில் நீர் அருந்தும் உரிமையைச் சட்டம் எழுதிக் காக்க வேண்டியிருந்தது! அதன் பின்னரும் சில சிற்றூர்த் தேநீர்க் கடைகளில் இரட்டைக் குவளை முறை நீடித்ததைச் செய்தித்தாள்கள் பலமுறை வெளிப்படுத்தியுள்ளன.

ஆகவே, ஒரே மேசையில் அறியாத ஒருவருக்கு எதிரே அமர்ந்து இட்டலி உண்ணுதல் எளிய செயலன்று. பலர் போராடிப் பெற்றுத் தந்த பேறு அது. உணவக ஒழுக்கம் என்பது கரண்டியை எந்தக் கையில் பிடிப்பது என்பதன்று. அந்தச் சமன்மையைக் காத்தலே அதன் உயிர்நாடியாகும்.

நாம் கற்ற பாடம்

பிறருக்கு அறிவுரை கூறுமுன் நம் பிழையைக் கூறுதல் முறை. சில ஆண்டுகளுக்கு முன் துறைக் கருத்தரங்கு முடிந்த மாலையில் மாணவர் சிலரை அழைத்துக்கொண்டு ஓர் உணவகத்திற்குச் சென்றிருந்தோம். பரிமாறியவர் வடமாநில இளைஞர். நாம் கேட்டது ஒன்று. அவர் கொணர்ந்தது வேறொன்று. நாள் முழுதும் அலைந்த களைப்பில் குரலை உயர்த்தினோம். "தமிழ் தெரியாதவரையெல்லாம் ஏன் வேலைக்கு வைக்கிறீர்கள்?" என்று கல்லாவில் இருந்தவரை நோக்கிக் கடிந்தோம். அவ்விளைஞர் தட்டைக் கையில் ஏந்தியவாறே நின்றார்.

அப்பொழுது பக்கத்து மேசையைத் துடைத்துக்கொண்டிருந்த ஒருவர் அருகில் வந்தார். நம் வகுப்பில் இரண்டாமாண்டு பயிலும் மாணவர்! மாலை நேரத்தில் அங்குப் பணி செய்வதை நாம் அறிந்திருக்கவில்லை. "ஐயா, அவர்மேல் தவறில்லை. நான்தான் மாற்றிச் சொல்லிவிட்டேன்" என்றார். அது உண்மையோ, தோழரைக் காக்கச் சொன்னதோ, நாமறியோம். நம்மோடு வந்த மாணவர்கள் தலைகுனிந்து உண்டனர்.

வீடு திரும்பி இதனைக் கூறியபொழுது எம் தாயார் உடனே மறுமொழி கூறவில்லை. பிறகு, "உன் நன்னா பினாங்குக்குப் போன புதிதில் மலாய் தெரியாமல் இப்படித்தான் எதை எதையோ கொண்டுபோய் வைப்பார்களாம். திட்டியவர்களை மறந்துவிட்டார்கள். கடைக்கு வந்த ஒரு மலாய்க்காரர் ஒவ்வொரு பண்டத்தையும் விரலால் தொட்டுக் காட்டிப் பெயர் சொல்லிக் கொடுத்தாராம். அவரைப் பற்றிக் கடைசி வரை சொல்லிக்கொண்டே இருந்தார்கள்" என்றார். அடுத்த வாரம் அவ்விளைஞரைக் காணச் சென்றோம். அவர் வேலையை விட்டு வேற்றூர் சென்றுவிட்டார் என்றனர். கூற வேண்டிய சொல் இன்றும் நம்மிடமே இருக்கிறது.

பரிமாறுவோரிடம்

இந்நிகழ்ச்சியிலிருந்து நாம் பெற்ற கருத்துகளை இனி முறையாகக் கூறுவோம். முதலாவது, பரிமாறுவோரை அழைக்கும் முறை. விரலைச் சொடுக்குதல், மேசையைத் தட்டுதல், 'டேய்' என விளித்தல் ஆகியவை அறவே நீங்க வேண்டும். தம்பி, அண்ணன், அம்மா, ஐயா என நம் மொழியில் அழைப்புச் சொற்களுக்குப் பஞ்சமில்லை. மொழி தெரியாதவராயின் உணவுப் பட்டியலைக் காட்டிக் கேட்கலாம்.

அவர் நாள் முழுதும் நின்றே பணி செய்பவர் என்பதையும் நினைத்தல் வேண்டும். கடைப் பணியாளர்க்கு இருக்கை வழங்க வேண்டும் எனத் தமிழ்நாட்டில் 2021ஆம் ஆண்டு சட்டத்தில் திருத்தம் கொண்டுவரப்பட்டது. நிற்பவரின் கால்வலி சட்டமன்றம் வரை சென்று பேசப்பட்ட பொருள் என்பதை உட்கார்ந்து உண்ணும் நாம் உணர்தல் நன்று. பதினான்கு அகவைக்கு உட்பட்ட சிறுவரை உணவகப் பணியில் அமர்த்துதல் 2006ஆம் ஆண்டு அக்டோபரிலேயே தடை செய்யப்பட்டது. அத்தகைய சிறுவன் தேநீர் கொணர்ந்தால் அவனுக்குச் சில்லறை தருவதோடு நம் கடமை முடிந்துவிடாது. உரியவர்க்குத் தெரிவித்தலே அறம்.

உணவில் குறையிருப்பின் வாளாவிருத்தல் வேண்டுமோ எனின், வேண்டுவதில்லை. கெட்டுப்போனதையும் தூய்மையற்றதையும் சுட்டிக்காட்டுதல் உண்போரின் உரிமை. அதனை மேலாளரிடம் தாழ்ந்த குரலில் கூறலாம். சமைத்தவர் பிழைக்குப் பரிமாறியவரை ஏசுதல் முறையன்று. சுவை பிடிக்காமற் போவது வேறு. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எவ்வுணவையும் குறை கூறியதில்லை. விரும்பினால் உண்பார்கள், இன்றேல் விட்டுவிடுவார்கள் என்று நபிமொழித் தொகுப்புகள் கூறும். இப்பண்பு எச்சமயத்தார்க்கும் பொருந்துவதாம்.

உடன் உண்போரிடம்

காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஊர்களில் சகன் என்னும் பெரிய தட்டைச் சுற்றிச் சிலர் அமர்ந்து ஒன்றாய் உண்ணும் வழக்கம் உண்டு. ஒரே தட்டாயினும் ஒவ்வொருவரும் தம் முன்னுள்ள பகுதியிலிருந்தே எடுத்துண்பர். அடுத்தவர் பக்கம் கை நீளாது. உணவகத்து மேசையையும் ஒரு சகனாகவே கருதலாம். இடம் பொது, ஆயினும் பிறர் எல்லைக்குள் நம் கையும் கண்ணும் குரலும் செல்லலாகாது.

உண்பவர் நாற்காலியின் பின்னே நின்றுகொண்டு அவர் எப்பொழுது எழுவார் எனப் பார்த்திருத்தல் அவர் தொண்டையில் சோற்றை நிறுத்தும். நாம் உண்டு முடித்தபின் பலர் காத்திருக்க, அரட்டையை நீட்டித்தலும் அதே அளவு குற்றம். கைப்பேசியில் பாட்டையும் படத்தையும் ஊரறிய ஒலிக்கவிடுதல், அயலார் முகம் விழும்படி படம் பிடித்தல் ஆகியவை புதிய காலத்தின் புதிய பிழைகள்.

பெண்கள் தனியே வந்து உண்ணுதல் இன்று இயல்பாகியுள்ளது. முன்னாளில் 'குடும்ப அறை' என்னும் திரைக்குள் மட்டுமே அவர்கள் அமர முடிந்தது. திரை விலகிய பின்னரும் பார்வைகள் விலகவில்லை என நம் மாணவியர் கூறுகின்றனர். ஒருவர் தனியே உண்ணுவது வியப்புக்குரிய காட்சியன்று என்பதை ஆடவர் உணர்தல் வேண்டும்.

ஒரே மேசையில் புலால் உண்பவரும் உண்ணாதவரும், நோன்பிருப்பவரும் இல்லாதவரும் அமர நேரலாம். 'ஏன் உண்பதில்லை?' என வினவித் துளைத்தலும், 'சிறிது உண்டு பாரும்' என வற்புறுத்தலும் நட்பாகா. அவரவர்க்கு உரியதை அவரவர் உண்ண, உரையாடலைப் பொதுவாக்கிக்கொள்வதே நயத்தக்க நாகரிகம்.

இலையும் பணமும்

வீட்டில் ஒரு பிடி சோற்றை வீணாக்க அஞ்சும் நாம், உணவகத்தில் பணம் கொடுத்தோம் என்னும் எண்ணத்தால் பாதியை இலையில் விட்டு எழுகிறோம். பணம் நம்முடையதாகலாம், நெல்லை விளைவித்த உழைப்பு நம்முடையதன்று. வேண்டிய அளவே கேட்டு, மிஞ்சியதைப் பொதிந்து தரச் சொல்லி எடுத்துச் செல்லுதலில் இழிவொன்றுமில்லை. தட்டிலேயே கை கழுவுதலும், கழுவும் தொட்டியில் உமிழ்தலும், அடுத்து அதனைத் தூய்மை செய்பவரும் மாந்தரே என்பதை மறத்தலால் விளைவன.

நண்பர் குழுவில் யார் பணம் கொடுப்பது என்பதும் எண்ணத்தக்கது. ஒருவரே எப்பொழுதும் கொடுக்க நேர்தலும், வசதி குறைந்தவரைச் சமபங்கு கேட்டு நெருக்குதலும் நட்பைக் கெடுக்கும். எவ்வகை உணவகத்திற்குச் செல்வது என்பதைக் கூட்டத்தில் கையிருப்புக் குறைந்தவரை நினைந்து முடிவு செய்தல் மாணவர்க்கு அழகு.

பரிமாறியவர்க்கு மனமுவந்து கொடுக்கும் சிறுதொகை வேறு. உணவகம் பட்டியலில் தானே சேர்க்கும் சேவைக் கட்டணம் வேறு. பின்னதைத் தாமாகவே சேர்த்து வாங்கலாகாது என மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022ஆம் ஆண்டு சூலைத் திங்களில் நெறிமுறை வெளியிட்டது. தில்லி உயர்நீதிமன்றம் 2025ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் அதனை ஏற்று உறுதி செய்தது. அக்கட்டணத்தை மறுக்கும் உரிமையை நாம் அறிந்திருக்க வேண்டும். அதே வேளையில், மறுத்து மிச்சம் பிடித்த தொகையில் ஒரு பகுதியையாவது பரிமாறியவர் கையில் நேரே கொடுப்போமாயின் உரிமையும் ஈகையும் ஒருங்கே நிறைவேறும்.

முடிவுரை

இன்று தமிழக உணவகங்களில் ஒடிசா, பீகார், அசாம், நேபாளம் முதலிய இடங்களிலிருந்து வந்த இளைஞர் பலர் பணி புரிகின்றனர். அவர்கள் பேசும் குறைத்தமிழைக் கேட்டு நகைப்போரைக் காண்கிறோம். நம் பாட்டன்மார் பினாங்கிலும் இரங்கூனிலும் கொழும்பிலும் பேசிய குறைமொழியைக் கேட்டு அங்குள்ளோர் நகைத்திருந்தால் நம் குடும்பங்களில் பல தலைநிமிர்ந்திருக்க முடியாது. அவர்களும் நம் நாட்டிற்கு வந்த புதியவர். ஆகவே அவர்களும் நமக்கு விருந்தே.

உணவுக்கு நாம் கொடுக்கும் விலை உணவோடு முடிந்துவிடுகிறது. அதனைக் கொணர்ந்து வைத்த மனிதரின் மதிப்பு அவ்விலையில் அடங்குவதன்று. மாணவச் செல்வங்கள் அடுத்த முறை உணவகத்தில் அமரும்பொழுது, பரிமாறுபவரின் பெயரை ஒருமுறை கேட்டு, அப்பெயரால் அழைத்துப் பார்க்கட்டும். அன்று நாம் அதனைச் செய்திருந்தால், அந்த இளைஞரைத் தேடிச் சென்ற நாளில் பெயரேனும் சொல்லி விசாரித்திருப்போம்.