வண்ண ஸ்லைடுகளைக் கணினியில் ஏற்றுதல்: மென்பொருளும் ஸ்கேனரும் தேர்ந்தெடுக்கும் முறை

காட்டில் சேகரிக்கப்படும் மலர், உலர்த்தித் தாளில் ஒட்டப்பட்டதும் தன் இயற்கை நிறத்தைப் பெரும்பாலும் இழந்துவிடுகின்றது. அந்நிறத்தைப் பதிந்து வைப்பதற்குச் சென்ற நூற்றாண்டின் பிற்பகுதியில் உலகெங்கும் கையாளப்பட்ட சாதனம் வண்ண ஸ்லைடாகும். திருவனந்தபுரம் மாவட்டத்துப் பாலோட்டில் வெப்பமண்டலத் தாவரப் பூங்காவும் ஆராய்ச்சி நிலையமும் 1979ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற காலத்தில், ஆராய்ச்சியாளரும் ஆசிரியரும் நன்கறிந்த சாதனம் அதுவே. டிஜிட்டல் காமிரா பரவியபின் அதன் வழக்கு அருகிற்று. 1935இல் அறிமுகமான கோடாக்ரோம் பிலிமின் உற்பத்தி 2009இல் நிறுத்தப்பட்டது.

எஞ்சியுள்ள ஸ்லைடுகளுக்குப் பகைகள் இரண்டு. சாயங்கள் நாளடைவில் வெளிறுதல் ஒன்று, பூஞ்சை மற்றொன்று. சாயங்களைத் தாங்கி நிற்கும் ஜெலட்டின் படலம் பூஞ்சைக்கு நல்ல உணவாகும். தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளையும் பெறும் திருவனந்தபுரத்தில் காற்று ஆண்டின் பெரும்பகுதியும் ஈரம் மிக்கதாகவே இருக்கின்றது. ஆகையால், அவ்வூர் போன்ற இடங்களில் ஸ்லைடுகளைக் கணினியில் ஏற்றும் பணியைத் தள்ளிப்போடுதல் தகாது.

ஸ்கேனர்

தாளை ஸ்கேன் செய்யும் சாதாரணக் கருவி, தாளின்மீது பட்டுத் திரும்பும் ஒளியைப் பதிவு செய்கின்றது. ஸ்லைடுக்கோ ஒளி ஊடுருவிச் செல்ல வேண்டும். எனவே, மேல்மூடியில் விளக்குடைய ஸ்கேனரோ, பிலிமுக்கென்றே அமைந்த ஸ்கேனரோ தேவை. ஸ்லைடின் இருண்ட பகுதிகளில் ஒளியின் ஆயிரத்தில் ஒரு பங்கிற்கும் குறைவாகவே வெளிவரக்கூடும். அந்நிழலிலுள்ள விவரத்தைக் காட்டவல்லதா என்பதே கருவிக்கு உரிய சோதனை. விளம்பரத்தில் காணும் புள்ளிக் கணக்கை மட்டும் நம்பாது, இருண்ட ஸ்லைடு ஒன்றைக் கொண்டு சென்று சோதித்து வாங்குதல் நலம்.

சில ஸ்கேனர்களில் தூசியை நீக்க அகச்சிவப்புக் கதிர் பயன்படுகின்றது. அக்கதிர் வண்ணச் சாயங்களை ஊடுருவும். தூசியும் கீறலும் அதைத் தடுக்கும். இவ்வேறுபாட்டைக் கொண்டு மென்பொருள் பழுதுகளை அடையாளங் கண்டு மறைக்கின்றது. வெள்ளியாலான கறுப்பு வெள்ளைப் படங்களில் வெள்ளியே கதிரைத் தடுப்பதால் இம்முறை பயன்படாது. கோடாக்ரோமிலும் இது எப்போதும் சரியாக அமைவதில்லை.

கணினி

வழக்கமான ஸ்லைடில் படத்தின் அளவு 36 × 24 மில்லிமீட்டர். அங்குலத்துக்கு 4,000 புள்ளிகள் வீதம் ஸ்கேன் செய்தால் ஏறத்தாழ 2 கோடியே 14 இலட்சம் புள்ளிகள் கிடைக்கும். ஒவ்வொரு வண்ணத்துக்கும் 16 பிட் வீதம் சேமித்தால் ஒரு படம் சுமார் 129 மெகாபைட்டு. ஆயிரம் படங்கள் 129 கிகாபைட்டு. 2,400 புள்ளிகளும் 8 பிட்டும் போதுமெனின் ஒரு படம் 23 மெகாபைட்டில் அடங்கும். கணினியின் நினைவகத்தையும் வட்டின் கொள்ளளவையும் இக்கணக்கைக் கொண்டே முடிவு செய்தல் வேண்டும்.

மென்பொருள்

கருவிக்குமுன் ஆராய வேண்டியது மென்பொருளே. நிக்கான் நிறுவனத்தின் கூல்ஸ்கேன் ஸ்கேனர்கள் சிறப்பாக உழைப்பவை. ஆயின் அவற்றுடன் வந்த மென்பொருள் 64 பிட் விண்டோஸுக்கு ஏற்பத் திருத்தப்படவில்லை. கருவி நலமாயிருந்தும், கணினியை மாற்றியோர் அதைப் பயன்படுத்த வேறு வழி தேடலாயினர். வியூஸ்கேன் என்னும் விலை மென்பொருளும், சேன் என்னும் கட்டற்ற மென்பொருளும் அவர்களுக்கு உதவின. மூலநிரல் வெளிப்படையாக இருப்பதால், கட்டற்ற மென்பொருளை உற்பத்தியாளர் கைவிட்ட பின்னரும் பிறர் திருத்திக்கொள்ள இயலும். கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் இந்திய அமைப்பு 2001 ஜூலை 20 அன்று தொடங்கி வைக்கப்பட்டது திருவனந்தபுரத்திலேயாம். கேரளப் பள்ளிகளில் பயிலும் மாணவர், படங்களைத் திருத்தும் கிம்ப் மென்பொருளையும் அறிவர். ஆகவே, ஸ்கேனரை வாங்குமுன் சேன் வெளியிடும் பட்டியலில் அது இடம் பெற்றுள்ளதா என்று பார்த்துக்கொள்வது எதிர்காலத்துக்குப் பாதுகாப்பாகும்.

பணிமுறை

முதலில் ஸ்லைடுகளைத் தரம் பிரித்து, பூஞ்சை தொட்டவற்றைத் தனியே வைத்தல் வேண்டும். படலத்தைத் தண்ணீரால் துடைத்தல் கூடாது. தூசியைக் காற்றூதும் ரப்பர்ப் பந்தால் நீக்கலாம். மூலப்படியை டிஃப் வடிவிலும், வகுப்பறைப் படியை ஜேபெக் வடிவிலும் வைத்தல் தக்கது. சட்டத்தின்மீது எழுதியுள்ள தாவரப் பெயர், இடம், நாள் ஆகியவற்றைப் படத்துடன் சேர்த்து எழுதிக்கொள்ளல் இன்றியமையாதது. இவையின்றி, எவ்வளவு தெளிவான படமும் ஆராய்ச்சிக்குச் சான்றாக நிற்காது. படிகளுள் ஒன்றை வேறொரு கட்டடத்தில் வைத்தல் வேண்டும்.

ஸ்கேன் செய்து முடித்தபின் ஸ்லைடுகளை எறிந்துவிடுதல் ஒருபோதும் தகாது. சிலிக்கா ஜெல் இட்டு நன்கு மூடிய பெட்டியில் அவற்றைக் காத்து வந்தால், நாளை இதனினும் சிறந்த கருவி கிடைக்கும்போது மீண்டும் பயன்படுத்தலாம்.