பொய்மீனின் வாய்த்தகடு
ஈச்சிலம்பற்றுப் பக்கம் இலங்கைத்துறை முகத்துவாரத்திலோ வெருகல் ஆற்று வாயிலோ கொடுவாவுக்கும் பாரைக்கும் பொய்மீன் எறிபவரா நீங்கள்? அதன் வாயடியில் நீட்டிக்கொண்டிருக்கும் தகட்டைக் கொஞ்சம் கவனியுங்கள். இழுக்கும்போது தண்ணீர் அதில் மோதுவதால்தான் பொய்மீன் கீழே அமிழ்கிறது, உடலை நெளிக்கிறது. ஆழத்தைப் பெரும்பாலும் தகட்டின் நீளமும் சரிவும் தீர்மானிக்கும். ஆனால் அது எந்தப் பொருளில் செய்யப்பட்டது என்பதும் ஆட்டத்தை மாற்றும்.

பொலிகாபனேட் பிளாஸ்டிக் சற்றுத் தடிப்பானது. கல்லில் அடிபட்டாலும் இலேசில் உடையாது. மின்சுற்றுப் பலகைகளுக்குப் பயன்படும் கண்ணாடியிழைத் தகடு மெல்லியது, விறைப்பானது. அதனால் துடிப்பு வேகமாக, கூர்மையாக வரும். மாரி மழையில் மகாவலியின் கிளையான வெருகல் ஆறு கலங்கி வரும்போது, மீன் கண்ணை மட்டும் நம்பி இரை தேடாது. பக்கக் கோட்டு உறுப்பால் அதிர்வையும் உணரும். அந்த வேளைக்குக் கண்ணாடியிழைத் தகடும் நல்ல தெரிவு. உலோகத் தகடு பாரம் கூடியது. சற்று வளைந்தாலே ஓட்டம் ஒரு பக்கம் இழுக்கும்.

எறியுமுன் தகட்டில் வெடிப்போ ஆட்டமோ இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.