ஈரல்: உடலிலும் சொல்லிலும்

தமிழில் ஈரல் என்பது தனியோர் உறுப்பின் பெயரன்று. ஓர் இனத்தின் பெயர். கல்லீரல், மண்ணீரல், நுரையீரல் ஆகிய மூன்றும் அடைமொழியாலேயே வேறுபடுகின்றன. உடற்கூற்றியல் நோக்கில் இவற்றின் பணிகள் முற்றிலும் வேறானவை. பித்தநீரைச் சுரக்கும் கல்லீரல் ஏறத்தாழ 1.5 கிலோ எடையுடையது, கெட்டியானது. நுரையீரல் காற்று நிறைந்து மென்மையாயிருப்பது. ஆகவே இப்பெயர்கள் பணியைக் கருதாது, தொட்டறியும் தன்மையைக் கருதி அமைந்தன எனக் கொள்வதே பொருந்தும்.

பேச்சுவழக்கில் ‘ஈரக்குலை நடுங்கியது’ என்னும்போது ஈரற்குலை அச்சத்தின் இருப்பிடமாகிறது. பாரசீகத்திலிருந்து உருதுவுக்கு வந்த ‘ஜிகர்’ என்னும் சொல்லோ துணிவையும் அன்பையும் குறிக்கும். வடமொழி ‘யக்ருத்’ இதற்கு உறவுச்சொல். ஜிகரைத் தமிழில் நெஞ்சு எனப் பெயர்ப்பதே முறை. ஈரல் எனப் பெயர்த்தால் இறைச்சிக்கடை நினைவே எழும். அங்கு அடையின்றி ஈரல் என்றால் கல்லீரல்தான்! மருத்துவக் கையேட்டிலோ அவ்வாறு அடையை நீக்குதல் தகாது. ‘ஈரல் நோய்’ எனப் படிப்பவர் காமாலையைக் கருதுவாரா, காசத்தைக் கருதுவாரா?

மேலைநாட்டுக் கைரேகை நூல்கள் சுண்டுவிரலின் அடிநோக்கிச் செல்லும் ரேகையை, ஈரலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லடியாக, ‘ஹெபாட்டிகா’ என்றன. தமிழில் அது புதன் ரேகை. பெயர் மாறவே, ஈரல் உள்ளங்கையிலிருந்து மறைந்துவிட்டது.