ஆறு மணிக்குச் சாத்தும் ஜன்னல்

சாயங்காலம் ஆறு மணி ஆனதும் நம் வீடுகளில் ஜன்னல் கதவுகளைச் சாத்திவிடுவோம். திறந்து வைத்தால் கொசு வந்துவிடும். சாத்திய கையோடு விளக்கேற்றி ஊதுபத்தி கொளுத்துவோம். வெள்ளிக்கிழமையானால் சாம்பிராணியும் உண்டு. அடுப்பில் குழம்புக்குத் தாளிப்பு நடக்கும், கட்டிலடியில் கொசுவத்திச் சுருள் புகையும். ராத்திரி இரண்டு மணிக்கு மூச்சு இழுக்கிறது என்று எழுந்து உட்காருகிறவருக்கு, பல நாள் அதன் ஆரம்பம் இந்த ஆறு மணியில்தான் இருக்கிறது.

கொசுவத்தியை எடுத்துக்கொள்வோம். கொசுவை விரட்டுவது அதில் துளியளவு கலந்திருக்கும் மருந்து. மற்றதெல்லாம் மரத்தூள், சிரட்டைத்தூள் மாதிரி எரிவதற்கான சரக்கு. அது சுடர்விட்டு எரியாமல் ஏழெட்டு மணி நேரம் கனன்றுகொண்டே இருக்கும். கனல்கிற எதுவும் அரைகுறையாக எரிவதால் புகை அதிகம். ஒரு சுருள் முழுக்க எரிந்தால் வெளியேறும் நுண்துகள்களின் எடை, 75 முதல் 137 சிகரெட்டுகள் எரியும்போது வருவதற்குச் சமம் என்று 2003இல் வெளியான ஓர் ஆய்வு அளந்து சொன்னது. சுருளில் நிகோடின் இருக்கிறது என்று இதற்கு அர்த்தமில்லை. ஒப்பீடு துகளின் அளவுக்கு மட்டும்தான். ஆனால் அந்தத் துகளே போதுமான வில்லன். 2.5 மைக்ரான், அதாவது தலைமுடியின் தடிமனில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்கு. மூக்கு முடியும் சளியும் தூசியைப் பிடிக்கும்; இதைப் பிடிக்க முடியாமல் நுரையீரலின் அடிவரைக்கும் விட்டுவிடும். ஒரு கன மீட்டர் காற்றில் 24 மணி நேரச் சராசரியாக 15 மைக்ரோகிராமுக்கு மேல் இந்தத் துகள் இருக்கக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். சாத்திய அறையில் ஒரு சுருள் அந்த வரம்பைச் சுலபமாகத் தாண்டிவிடும்.

ஊதுபத்தியும் சாம்பிராணியும் இதே இனம்தான். மணமாக இருப்பதால் அவற்றை யாரும் புகைக் கணக்கில் சேர்ப்பதில்லை. சாமி கும்பிடுவதை நான் தடுக்கவில்லை. சாம்பிராணி போடும் அந்தக் கால் மணி நேரம் ஜன்னல் திறந்திருக்கட்டும், இழுப்பு உள்ளவர் வாசலில் உட்கார்ந்திருக்கட்டும். கொசுவுக்கு வழி ஜன்னலில் வலை, கட்டிலில் வலை. முதலில் செலவாகத் தெரியும்; பிறகு வருஷக்கணக்கில் சுருள் வாங்க வேண்டியதில்லை, ஜன்னலையும் சாத்த வேண்டியதில்லை.

மிளகாய் தாளிக்கும்போது வரும் கமறல் வேறு சங்கதி. மிளகாயின் காரப்பொருள், சூட்டை உணரும் நரம்பு முனைகளையே போய்த் தொடுகிறது. தொண்டை அதை நெருப்பு என்று நினைத்து இருமித் தள்ளுகிறது. அந்த முனைகளில் இருக்கும் உணரியைக் கண்டுபிடித்ததற்காகத்தான் விஞ்ஞானி டேவிட் ஜூலியஸுக்கு 2021இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. மற்றவர்களுக்கு இரண்டு தும்மலோடு போவது, ஆஸ்துமாக்காரருக்கு மூச்சுக்குழாயைச் சுருக்கிவிடலாம். அடுப்பைப் பற்றவைக்கும் முன்பே எக்ஸாஸ்ட் ஃபேனைப் போடுங்கள், சமையல் முடிந்தும் பத்து நிமிஷம் ஓடட்டும். வெளியே தள்ள, உள்ளே காற்று வர வேண்டும். எல்லாக் கதவையும் சாத்திவிட்டு ஃபேனை மட்டும் ஓடவிட்டால் பெரிய பலன் இல்லை. அதன் இறக்கையை ஒருமுறை விரலால் தடவிப் பாருங்கள், எத்தனை மாதப் பிசுக்கு என்று தெரியும்.

படுக்கைக்கு வருவோம். தலையணையில் கண்ணுக்குத் தெரியாத தூசிப்பூச்சிகள் குடியிருக்கின்றன. நம் உடம்பிலிருந்து உதிரும் தோல் துணுக்குதான் அவற்றுக்குச் சாப்பாடு. தண்ணீர் குடிக்காது, காற்றின் ஈரத்தையே உறிஞ்சிக்கொள்ளும். சென்னை, தூத்துக்குடி மாதிரிக் கடலோரப் புழுக்கம் அவற்றுக்குச் சொர்க்கம். ஒவ்வாமை தருவது பெரும்பாலும் அவற்றின் எச்சம். உறைகளை வாரம் ஒருமுறை 60 டிகிரி வெந்நீரில் அலசினால் பூச்சி சாகும், எச்சமும் போகும். மெத்தையை மொட்டைமாடி வெயிலில் காயப்போட்ட பாட்டிமார் செய்தது சரிதான், காய்ந்தால் பூச்சிக்குப் பிழைப்பில்லை. எச்சம் மட்டும் அப்படியே இருக்கும், அதனால் தட்டி உதற வேண்டும். அந்த வேலையை இழுப்பு உள்ளவர் செய்யக் கூடாது.

பெருக்கும்போது ஃபேனை நிறுத்துங்கள். ஈரத்துணியால் துடைப்பது இன்னும் நல்லது. கழிவறையில் பிளீச்சிங் பவுடரையும் ஆசிட்டையும் ஒன்றாகக் கொட்டவே கொட்டாதீர்கள். கிளம்புவது குளோரின் வாயு.

இதெல்லாம் மருந்துக்கு மாற்று இல்லை. இன்ஹேலரை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். குழந்தைக்கு வீசிங் என்று டாக்டரிடம் போகும்போது, ராத்திரி அறையில் என்ன கொளுத்துகிறீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள், அவர் கேட்காவிட்டாலும்.