மலையடிவாரப் பந்தியில் அப்பம்மாவின் வெண்டிக்காய்

வெளியில் சாப்பிடப் போவதென்றால் எங்கள் வீட்டில் ஒரு சிறிய மகாநாடே நடக்கும். பிள்ளைகள் பீற்சா என்பார்கள். மனைவி செலவைக் கணக்குப் பார்ப்பார். அம்மா மட்டும் ஒன்றும் பேசமாட்டார். கனடாவுக்கு வந்து ஆறு வருடமாகியும் அவர் கடையில் இருந்து சாப்பிட்டதில்லை. மச்சம் தொடாதவர். "நீங்கள் போட்டு வாங்கோ, நான் வீட்டிலை புட்டு அவிச்சுச் சாப்பிடுறன்" என்று முடித்துவிடுவார்.

எல்லோருக்கும் கடவுச்சீட்டு ஒழுங்கானபின், சென்ற கோடை விடுமுறையில் அமெரிக்காவின் அற்லான்ரா நகரிலுள்ள அண்ணர் வீட்டுக்குப் போனோம். ரொறன்ரோவிலிருந்து 15 மணித்தியாலத்துக்கு மேற்பட்ட கார் ஓட்டம். போய் இரண்டாம் நாள், "இந்தப் பக்கத்து ஆக்களின்ரை உண்மையான சாப்பாட்டைக் காட்டுறன், வாங்கோ" என்று அண்ணர் எங்களை ஜோர்ஜியாவின் வடக்கே, மலைப்பக்கம் கூட்டிக்கொண்டு போனார். ஏறக்குறைய இரண்டு மணி நேரப் பயணம். நெடுஞ்சாலை 441 வழியே போகப்போகத் தரை உயர்ந்தது. ரலூலா பள்ளத்தாக்கைத் தாண்டியதும் புளூ றிட்ஜ் மலைகள் ஒன்றன்பின் ஒன்றாக நீல நிறத்தில் தெரிந்தன. அம்மா யன்னலால் பார்த்துக்கொண்டே, "பண்டாரவளைப் பக்கம் மாதிரிக் கிடக்கு" என்றார்.

வீதியோரத்தில் ஒரு கொட்டில். பெரிய பானையில் ஏதோ கொதித்துக்கொண்டிருந்தது. பலகையில் எழுதியிருந்ததை மூத்தவன் ஆங்கிலத்தில் வாசித்தான். பதினான்கு வயது அவனுக்கு. தமிழ் விளங்கும், பேசமாட்டான். அப்பம்மாவோடு அவன் பேசுவது "ஓம்", "இல்லை", "வேண்டாம்" என்ற மூன்று சொல்லோடு சரி.

"என்னடா அது?" என்று அம்மா கேட்டார். அவன் யோசித்து, "கச்சான்... தண்ணியிலை" என்றான்.

"அவிச்ச கச்சானோ? தம்பி, காரை நிப்பாட்டு!"

உப்புத் தண்ணீரில் மணிக்கணக்காக அவித்த பச்சைக் கச்சான். அமெரிக்காவின் தென்பகுதி முழுவதும் இப்படித்தான் வீதியோரம் விற்பார்களாம். பக்கத்து மாநிலமான தென் கரோலினா 2006ஆம் ஆண்டு இதைத் தன் அரச சிற்றுண்டியாகவே சட்டம் போட்டு அறிவித்திருக்கிறது. அம்மா ஒரு கோதை உடைத்து வாயில் போட்டார். நல்லூர்த் திருவிழா பற்றிக் கதை தொடங்கியது. மூத்தவன் காதிலிருந்த கருவியைக் கழற்றிவிட்டான்.

நாங்கள் போன கடை ஒரு பழைய மரவீடு. முன் விறாந்தையில் ஆடும் கதிரைகள் வரிசையாக. இங்கே ஒவ்வொருவரும் தனித்தனியாக உணவு கேட்பதில்லை. ஆளுக்கு இவ்வளவு என்று காசு. பெரிய பெரிய கிண்ணங்களில் எல்லாவற்றையும் கொண்டுவந்து மேசை நடுவில் வைப்பார்கள். முடிய முடிய நிரப்புவார்கள். ஒருவருக்கொருவர் கொடுத்து வாங்கிச் சாப்பிட வேண்டியதுதான். வாழையிலை ஒன்றுதான் குறை, மற்றும்படி அது பந்தியேதான்.

பரிமாறியவர் வயதான ஒரு வெள்ளைக்கார அம்மா. எல்லோரையும் "ஹனி" என்றார். எங்கள் ஊர்க் கிழவிகள் "என்ர குஞ்சு" என்பதுபோல. பொரித்த கோழி, உப்பிட்ட பன்றித்தொடை, போஞ்சி, கீரை, சோளரொட்டி, உருளைக்கிழங்கு என்று மேசை நிறைந்தது. "பிஸ்கற்" என்று கொண்டுவந்தது எங்கள் மலிபன் பிஸ்கற் அல்ல; சுடச்சுட மெதுவான சிறிய பணிஸ். குடிக்க, ஐஸ் போட்ட சீனிப் பிளேன்ரீ. "கிறிற்ஸ்" என்பது சோளக் குறுணலைக் காய்ச்சிய கஞ்சி. இன்னொரு கிண்ணத்தில் கௌப்பி. வற்றாளங்கிழங்கு. வட்டம் வட்டமாக வெட்டிப் பொரித்த வெண்டிக்காய்!

"எங்கட சாமான் எல்லாம் இஞ்சை கிடக்கு" என்று அம்மா அதிசயப்பட்டார். ஆறு வருடத்தில் முதல் தடவையாகக் கடைச் சாப்பாட்டுக்குக் கை நீட்டினார். போஞ்சியை அள்ளப் போகும்போதுதான் எனக்கு நெஞ்சு திக்கென்றது. அதற்குள் சிறிய இறைச்சித் துண்டொன்று தெரிந்தது.

உண்மையைச் சொல்கிறேன். எனக்குக் கேட்க வாய் வரவில்லை. முகாமிலும், எல்லையிலும், கந்தோர்களிலும் வாயை மூடிக்கொண்டிருந்து பழகிய வாய் இது. கேட்டால் என்ன நினைப்பார்களோ, கரைச்சல் பிடித்த ஆட்கள் என்பார்களோ என்ற பயம். "அம்மா, அதை விடுங்கோ" என்று மெல்லச் சொன்னேன். அம்மாவுக்கு விளங்கிவிட்டது. கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "எனக்குக் கச்சான் போதும்" என்றார்.

அப்போது மூத்தவன் கையை உயர்த்திப் பரிமாறும் அம்மாவைக் கூப்பிட்டான். தன் அப்பம்மா இறைச்சி, மீன், முட்டை எதுவும் சாப்பிடமாட்டா, இவற்றில் எதை அவ சாப்பிடலாம் என்று தெளிவாகக் கேட்டான். அந்த அம்மா கோபிக்கவில்லை. மேசையைச் சுற்றிப் பார்த்து, ஒவ்வொரு கிண்ணமாக விரல் காட்டிச் சொன்னார். போஞ்சி, கீரை, கௌப்பி மூன்றும் பன்றிக் கொழுப்போடு அவித்தவை. பிஸ்கற்றில் பன்றி நெய். வெள்ளைக் குழம்பில் இறைச்சி. வெண்டிக்காய் கோழி பொரித்த எண்ணெயில் பொரித்தது. "கொஞ்சம் பொறு, ஹனி" என்று குசினிக்குள் போனார்.

பத்து நிமிடம் கழித்து ஒரு சிறிய இரும்புச் சட்டியோடு வந்தார். வேறு எண்ணெயில், சோளமாவில் பிரட்டிப் புதிதாகப் பொரித்த வெண்டிக்காய். கூடவே அவித்த சோளம், தக்காளித் துண்டுகள், வற்றாளங்கிழங்கு. மேலதிகக் காசு எதுவும் வாங்கவில்லை. அம்மா வயிறாரச் சாப்பிட்டார். என் தட்டில் இருந்ததுதான் எனக்கு இறங்கவில்லை. நான் கேட்கவேண்டியதைப் பிள்ளை கேட்டுவிட்டான்.

எல்லாவற்றிலும் ஏன் பன்றி? திரும்பும்போது அண்ணர் விளக்கினார். இந்த மலைகளில் குடியேறியவர்கள் வறிய கமக்காரர். குளிர் தொடங்கியதும் பன்றி அடித்து, உப்பிட்டு, வருடம் முழுவதும் வைத்துக்கொள்வார்கள். இறைச்சி அருமை என்பதால் மரக்கறிக்குள் ஒரு சிறு துண்டு போட்டு ருசியேற்றுவார்கள். எங்களில் பலர் சம்பலுக்கு மாசி போடுவது போல.

அந்தப் பந்தியில் இருந்த மற்றவற்றுக்கும் கதை உண்டு. சோளம் இந்த மண்ணின் ஆதிக்குடிகளான செரோக்கி மக்கள் வளர்த்தது. 1838ஆம் ஆண்டு அமெரிக்க இராணுவம் அவர்களை வீடுகளிலிருந்து பிடித்து, முகாம்களில் அடைத்து, மேற்கே நெடுந்தூரம் துரத்தியது. வழியிலும் முகாம்களிலும் ஆயிரக்கணக்கானோர் இறந்தனர். மலைக்குள் ஒளித்தும் வேறு வழிகளிலும் தப்பி நின்றவர்களின் சந்ததியார் இன்றும் வட கரோலினாவில் வாழ்கிறார்கள். வெண்டிக்காயும் கௌப்பியும் ஆபிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட மக்களோடு வந்து சேர்ந்தவை. ஊர் இழந்தவர்களின் சாப்பாடுதான் இன்று இந்த நாட்டின் "ஊர்ச் சாப்பாடு" என்று பெயர் பெற்றிருக்கிறது.

இன்னொன்றையும் அண்ணர் காட்டினார். நாங்கள் போன இடம் றேபன் கவுண்டி. 1966ஆம் ஆண்டு இங்குள்ள ஒரு பள்ளிக்கூடத்து மாணவர்கள் ஒரு சஞ்சிகை தொடங்கினார்கள். பெயர் "பொக்ஸ்ஃபயர்", அதாவது இருட்டில் உக்கிய மரத்தில் ஒளிரும் ஒருவகைக் காளான். கிராமத்துக் கிழவன் கிழவிகளிடம் போய், மரவீடு கட்டுவது எப்படி, சவர்க்காரம் காய்ச்சுவது எப்படி, மரக்கறி காயவைப்பது எப்படி என்று கேட்டு, அவர்கள் சொன்னதைச் சொன்னபடியே அச்சிட்டார்கள். 1972இல் அது நூலாக வந்து நாடெங்கும் விற்றது. பின் பல பாகங்கள் வந்தன. 1984இல் சமையலுக்கென்றே ஒரு நூல் வந்தது. இவ்வளவும் பிள்ளைகள் போய்க் கேட்டதால் மிஞ்சியது. கேளாமல் விட்டிருந்தால் அந்தக் கிழவிகளோடு மண்ணுக்குள் போயிருக்கும்.

இந்தப் பக்கம் போகிற எம்மவர் சிலவற்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். "வெஜிற்றபிள் பிளேற்" என்று எழுதியிருந்தால் அது சைவம் என்று அர்த்தமல்ல. கிண்ணம் கிண்ணமாகக் கேளுங்கள். "சிக்கன் ஃபிறைட் ஸ்ரேக்" என்பது பெயரில்தான் கோழி, உண்மையில் மாட்டிறைச்சி. பரிமாறுபவருக்கு 15 முதல் 20 வீதம் கொடுப்பது இங்கே வழக்கம். அது வெறும் சந்தோஷக் காசு அல்ல. ரிப்ஸ் பெறும் ஊழியருக்கு முதலாளி நேரடியாகக் கொடுக்கவேண்டிய ஆகக்குறைந்த சம்பளம் 1991 முதல் மணிக்கு 2.13 டொலர் என்றுதான் மத்திய சட்டத்தில் இருக்கிறது. ஜோர்ஜியா போன்ற மாநிலங்களில் பல கடைகள் அதைத்தான் கொடுக்கின்றன. முக்கியமாக, கேட்க வெட்கப்படாதீர்கள். கேட்பவரை இங்கே யாரும் குறைவாக நினைப்பதில்லை.

திரும்பி வரும்போது காருக்குள் மூத்தவன் அப்பம்மாவிடம், "அந்தச் சோளக் கஞ்சி மாதிரி எங்களுக்கு இருக்கா?" என்று கேட்டான். அம்மா பயற்றங் கஞ்சி காய்ச்சும் விதத்தைச் சொல்லத் தொடங்கினார். அவன் கொப்பியில் பாதி ஆங்கிலத்திலும் பாதி தமிழிலும் எழுதினான்.

"பச்சையரிசி இரண்டு சிறங்கை, வறுத்த பயறு ஒரு சிறங்கை..."

"சிறங்கை என்டா என்ன?"

அம்மா கையைக் குவித்துக் காட்டினார். அவன் எழுதாமல் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். ரொறன்ரோவுக்கு வந்து சேர்ந்த அன்றே, அரிசிப் பேணியை எடுத்துவைத்து, "அப்பம்மா, ஒருக்கா அள்ளுங்கோ" என்றான். அள்ளியதை அளவுக் கோப்பையில் கொட்டிப் பார்த்தான். மூன்றிலொரு கோப்பை. அதைக் கொப்பியில் எழுதிக் கீழே கோடு போட்டான்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு கை இருக்கும். பிள்ளையிடம் ஒரு கொப்பியைக் கொடுத்துப் பக்கத்தில் இருத்துங்கள்.