ஏற்றத்தில் நின்ற கார்

சேத்துப்பட்டிலும் அதைச் சூழ்ந்த கிராமங்களிலும் கார் ஓட்டக் கற்றுக்கொள்பவர்களுக்கு மேடு என்பது அபூர்வமாகத்தான் வாய்க்கிறது. ஆரணி, வந்தவாசி, போளூர் என்று எந்தத் திசையில் போனாலும் பெரும்பாலும் சமதரையிலேயே செல்கிற சாலைகளில் ஓட்டிப் பழகிக் கைதேர்ந்துவிட்டதாக நம்புகிற ஒருவர், விடுமுறை நாளில் குடும்பத்தாரை ஏற்றிக்கொண்டு போளூர் வழியாக ஜவ்வாது மலையிலுள்ள ஜமுனாமரத்தூருக்குப் புறப்பட்டு, மலைப்பாதையின் ஏதோ ஒரு வளைவில் எதிரே பஸ் வருவதைக் கண்டு வண்டியை நிறுத்தி, மறுபடி கிளப்ப முயலும்போதுதான், தம் கல்வியில் ஓர் அத்தியாயம் படிக்கப்படாமலே விடப்பட்டிருப்பதை உணர்கிறார். பிரேக்கிலிருந்து காலை எடுத்தால் வண்டி பின்னுக்கு உருள்கிறது. கிளட்சைச் சட்டென்று விட்டால் என்ஜின் ஒரு குலுங்கு குலுங்கி ஆஃப் ஆகிவிடுகிறது. பின்னால் நிற்கிற லாரியோ ஹாரன் அடிக்கிறது.

சட்டம் இந்த அத்தியாயத்தை மறந்துவிடவில்லை. 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 15ஆம் விதி, லைசென்ஸ் கேட்பவர் செங்குத்தான ஏற்றத்தில் வண்டியை நிறுத்தி, கைப்பிரேக்கையோ அல்லது ஆக்ஸிலரேட்டரையும் கால் பிரேக்கையுமோ முறையாகப் பிரயோகித்து, சிறிதும் பின்னுக்கு உருளாமல் மறுபடி கிளப்பிக் காட்ட வேண்டும் என்று விதித்திருக்கிறது. எட்டுப் போட்டுக் காட்டுவதில் நாம் செலுத்துகிற சிரத்தையில் பாதியைக்கூட இதில் செலுத்துவதில்லை என்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிற விஷயம்.

10 அடி தூரத்துக்கு 1 அடி உயர்கிற சரிவில் 1,200 கிலோ எடையுள்ள கார் நிற்குமானால், சுமார் 120 கிலோ எடைக்குச் சமமான விசை அதை ஓயாமல் பின்னுக்கு இழுத்துக்கொண்டிருக்கும். பிரேக் விடுபடுகிற அதே க்ஷணத்தில் அந்த இழுப்பை என்ஜின் ஏற்றுக்கொண்டாக வேண்டும். ஏற்றுக்கொள்ளச் செய்வது கிளட்ச். என்ஜினோடு சுழல்கிற சக்கரத்தைக் கிளட்ச் தட்டு, மிதி மேலே வரவர, முதலில் வழுக்கி, பிறகு உரசி, கடைசியில் இறுகப் பற்றுகிறது. பற்றத் தொடங்குகிற அந்த இடத்தில் என்ஜினின் ஒலி சற்றே தாழ்ந்து கனக்கும். பாதத்தின் அடியில் மெல்லிய அதிர்வு ஒன்று தெரியும். பானெட் ஒரு விரற்கடை உயர்ந்தாற்போல் தோன்றும். ஆரணிப் பட்டு நெய்கிற நெசவாளி, பார்வையைப் பாவின்மேல் வைத்தபடியே, தறிக்குழிக்குள் இருக்கும் மிதியை எவ்வளவு அழுத்தினால் பாவு எவ்வளவு திறக்கும் என்பதைக் காலாலேயே அறிந்திருப்பதைப்போல, காரோட்டியும் அந்த இடத்தை இடது காலாலேயே அறிந்திருக்க வேண்டும்.

பழைய கைப்பிரேக்கில் இந்த அறிவுக்கு ஒரு துணை இருந்தது. கிளட்ச் பிடித்ததை உணர்ந்ததும், நெம்புகோலைக் கொஞ்சங்கொஞ்சமாகத் தாழ்த்தி, வண்டியின் பாரத்தைப் பிரேக்கிலிருந்து என்ஜினுக்குப் படிப்படியாக மாற்றிக் கொடுக்கலாம். இப்போது பல கார்களில் அந்த நெம்புகோல் மறைந்து, விரலால் இழுக்கிற ஒரு சிறு சுவிட்ச் அதன் ஸ்தானத்தைப் பெற்றிருக்கிறது. 2001இல் பி.எம்.டபிள்யூ. தன் 7 வரிசைக் காரில் கொண்டுவந்த இந்த எலெக்ட்ரானிக் பார்க்கிங் பிரேக், சுவிட்சை இழுத்ததும், பெரும்பாலான கார்களில் பின்சக்கரங்களருகே உள்ள சிறு மோட்டார்களை இயக்கி, பிரேக் கட்டைகளைத் தட்டின்மேல் இறுக்குகிறது. அப்போது பின்புறமிருந்து எழுகிற மெல்லிய ரீங்காரத்தைக் காதால் கேட்கலாம்.

கியரைக் கையால் மாற்றுகிற காரில்தான் குழப்பம் எழுகிறது. சுவிட்சை அழுத்தி விடுவிக்கலாம் என்றால், அநேக கார்களில் அதற்குக் கால் பிரேக்கை மிதித்திருக்க வேண்டும். வலது காலோ ஆக்ஸிலரேட்டருக்குத் தேவைப்படுகிறது. ஆகவே, முதல் கியரைப் போட்டு, ஆக்ஸிலரேட்டரைச் சிறிது கொடுத்து, கிளட்சை மெல்ல உயர்த்தினால், வண்டி முன்னேறும் சக்தி பெற்றுவிட்டதைத் தானே கணக்கிட்டு பிரேக் விடுபடும்படி அமைத்திருக்கிறார்கள். ஓட்டுகிறவர் செய்ய வேண்டியது, கிளட்ச் பிடித்த இடத்தில் காலை நிறுத்தி, ஒரு விநாடி பொறுத்திருப்பதுதான். ஆனால் ஸீட் பெல்ட் மாட்டாவிட்டாலோ, கதவு சரியாகச் சாத்தப்படாவிட்டாலோ பல கார்களில் பிரேக் தானாக விடுபடாது. காரணம் தெரியாதவர் ஆக்ஸிலரேட்டரை மேலும் மிதித்து, கருகல் நாற்றம் வரும்வரை கிளட்ச் தட்டைத் தேய்த்துவிடுகிறார். காருடன் தருகிற கையேட்டில் அந்த ஒரு பக்கத்தையாவது வாசித்துவிட்டு, ஆளில்லாத ஏரிக்கரைச் சரிவில் பொழுதோடு பழகிக்கொண்டு, அதன்பின் மலைக்குப் போகும்படி நான் மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

ஏற்றத்தில் வண்டியைச் சற்று நேரம் உருளாமல் பிடித்துவைக்கிற ஹில் ஹோல்டு என்பது வேறு. அதையும் இதையும் ஒன்றாக எண்ணி ஏமாறக் கூடாது. 1936ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவின் ஸ்டூடிபேக்கர் காரில் ஹில் ஹோல்டின் மூதாதையான ஏற்பாடு ஒன்று இருந்தது. இக்காலத்தில் அது, கால் பிரேக்கை விட்ட பிறகும் அந்த அழுத்தத்தை ஏறக்குறைய 2 விநாடி தக்கவைத்து, பிறகு விட்டுவிடுகிறது. அந்த அவகாசத்துக்குள் கிளட்ச் பிடிக்காவிட்டால் வண்டி உருளத்தான் செய்யும். நிறுத்தம் நீடிக்கும் என்று தோன்றினால் சுவிட்சை இழுத்துவிடுவதே உத்தமம்.

மலையில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கும்போது, ஏற்றமானால் முதல் கியரிலும் இறக்கமானால் ரிவர்ஸிலும் போட்டுவிட்டு, சக்கரத்துக்குப் பின்னேயோ முன்னேயோ ஒரு கல்லையும் வைப்பது லாரிக்காரர்களின் நெடுநாள் வழக்கம். மோட்டாரால் இறுகுகிற பிரேக்குக்கும் அது பொருந்தும். கிளம்பும்போது அந்தக் கல்லைச் சாலையிலேயே விட்டுவராமல் ஓரத்தில் எடுத்துப் போட வேண்டும். இருட்டில் வருகிற மோட்டார் சைக்கிள்காரருக்கு அது எமன். பாதை குறுகலான இடங்களில் இறங்கி வருகிற வண்டி ஏறுகிற வண்டிக்கு வழிவிட வேண்டும் என்று 2017ஆம் ஆண்டின் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகள் கட்டளையிடுகின்றன. இறங்குகிறவர் நின்றுவிட்டால் பிரேக்கைத் தளர்த்தியதும் புறப்பட்டுவிடலாம், ஏறுகிறவரோ அத்தனை பாரத்தையும் முதலிலிருந்து நகர்த்தியாக வேண்டும்.